கேட்காமல் விட்ட கேதம்

தம்பி மகளுக்குத் தை மாதம் சடங்கு. பத்திரிகை அடித்து வந்துவிட்டது. அத்தைக்காரி என்பதால் முதல் பத்திரிகை எனக்கு. எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்கே பைக்கில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழத்தோடு வைத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தான். காப்பி குடித்து முடிக்கிறவரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அண்ணனுக்கு எப்ப வைக்கப் போற?"

டம்ளரைக் கீழே வைத்தான். "அத மட்டும் கேக்காதக்கா."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூடப் பிறந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன், பெரியவன் பெயர் வந்தாலே எழுந்து போகிறான். பெரியவரோ சின்னவன் பெயர் வந்தால் பேச்சையே நிறுத்திவிடுகிறார். ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. வரப்புத் தகராறு கிடையாது, நகை நட்டுப் பிரச்சினை கிடையாது. எங்கள் ஐயாவுக்கு யார் கொள்ளி வைத்தது என்பதுதான் இருவருக்கும் நடுவில் நிற்கிறது. அந்தச் சண்டையை மூட்டியது அவர்கள் இருவரும் இல்லை. அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். 2020 மே 6ஆம் தேதி விடியற்காலம் போனார். நான் பிறந்த ஊர் கமுதிப் பக்கம். இங்கிருந்து பஸ்ஸில் போனால் பொழுது சாய்வதற்குள் போய்விட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டம், கமுதி இராமநாதபுரம் மாவட்டம். 1985 வரை இரண்டும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம்தான். பிறகு கோடு போட்டுப் பிரித்தார்கள். அந்தக் கோடு இருப்பதே எங்களுக்கு ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூடச் சான்றிதழிலும்தான் தெரியும். பெண் கொடுப்பதும் எடுப்பதும், மாட்டுச் சந்தையும், வத்தல் வியாபாரமும், கேதமும் அந்தக் கோட்டைப் பார்த்ததே இல்லை. முப்பத்தைந்து வருஷம் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த கோடு, அந்த மே மாதம் கொரோனா ஊரடங்கில் கம்பும் கயிறும் போலீஸுமாக எழுந்து நின்றது.

"பாஸ் இருக்காம்மா?" என்று கேட்டார் அந்தப் போலீஸ்காரர். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. "அப்பா செத்துட்டாருங்கய்யா" என்றேன். "ஆன்லைன்ல போட்டுட்டு வாங்கம்மா, நான் விட்டா எனக்கு மெமோ" என்றார். ஓரமாக வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்து வீட்டுக்காரர் போனில் விண்ணப்பம் போட்டார். சிக்னல் வரும், போகும். இறப்புக்கு அத்தாட்சி கேட்டது. காலையில் செத்த மனிதருக்கு நான் எங்கே போய் அத்தாட்சி வாங்குவது? அனுமதி வந்தது ராத்திரி எட்டு மணிக்கு. ஐயாவை மத்தியானமே எடுத்துவிட்டார்கள்.

அவ்வளவு அவசரமாக ஏன் எடுத்தார்கள் என்றால், அதற்கும் ஒரு காரணம். எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் வத்தல் எடுப்பு. இராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு இப்போது புவிசார் குறியீடெல்லாம் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அது போக இடமில்லாமல் கிடந்தது. கமிஷன் கடைகள் மூடிக் கிடந்தன, லாரி இல்லை. பறித்து, காயப்போட்டு, மூட்டை கட்டிய வத்தல் அத்தனையும் வீட்டுக்குள்தான். ஐயா படுத்திருந்த கட்டிலைச் சுற்றி மூன்று பக்கமும் வத்தல் மூட்டை. அவருக்கு ஏற்கனவே இளைப்பு. சித்திரை வெக்கையில் வத்தல் நெடி சேர்ந்தால் நல்ல மனிதனுக்கே மூச்சு முட்டும். ராவும் பகலும் இருமினார். தெருவுக்கே கேட்டது. அந்த இருமலைத்தான் ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

ஐயா போனபோது பக்கத்து வீட்டில்கூடக் கதவு திறக்கவில்லை. இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது சட்டம். இருபது பேருக்கு எங்கே போவது? வந்தது ஏழு பேர். கொட்டு இல்லை, நீர்மாலை எடுக்கப் பெண்கள் இல்லை, ஐஸ் பெட்டி கேட்டால் தர மாட்டேன் என்றார்கள். தம்பியும் மூன்று பங்காளிகளும் பாடையைத் தூக்கினார்கள். அப்பனுக்குத் தலைப்பிள்ளை, ஆத்தாளுக்குக் கடைப்பிள்ளை என்று எங்கள் வழக்கம். தலைப்பிள்ளை திருப்பூரில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த வாரம் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் திருப்பூரும் சிவப்பு மண்டலம், எங்கள் விருதுநகரும் சிவப்பு மண்டலம். மூன்று தடவை பாஸ் போட்டார், மூன்று தடவையும் தள்ளிவிட்டது. கடைசியில் பனியன் கம்பெனி லைன் வீட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வீடியோ காலில் அப்பன் எரிவதைப் பார்த்தார். கொள்ளி வைத்தது தம்பி.

மறுநாள் மே 7. நாற்பது நாளுக்கு மேல் மூடிக் கிடந்த டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, நாற்பதிலிருந்து ஐம்பதுக்கு ஒரு மணியிலிருந்து மூன்று வரை, நாற்பதுக்குக் கீழே மூன்றிலிருந்து ஐந்து வரை. சவுக்குக் கட்டை கட்டி, வட்டம் போட்டு, போலீஸ் நிறுத்தி, வரிசை விட்டார்கள். பாஸ் கையில் இருந்ததால் அன்றைக்குத்தான் என்னால் ஊருக்குப் போக முடிந்தது. வழியில் அந்த வரிசையைப் பார்த்தேன். அப்பன் முகத்தைப் பார்க்க வழியில்லாமல் போய், சாம்பலுக்குப் பால் ஊற்றப் போகிறவள் பார்த்தேன். மே 8ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும், 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டதும், 16ஆம் தேதி மறுபடி திறந்ததும் எல்லோருக்கும் தெரியும். சாராயத்துக்கு வயது வாரியாக நேரம் பிரிக்க முடிந்த அரசாங்கத்தால், சாவுக்குப் போகிற மகனுக்கும் மகளுக்கும் ஒரு வழி பிரித்துத் தர முடியாதா? இரண்டு மணி நேரம் போதும். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறோம் என்றால் யார் குறுக்கே நிற்கப் போகிறார்கள்?

குடியை நிறுத்திய அந்த நாற்பத்துச் சொச்ச நாளில் எங்கள் தெருவில் நடந்தது தனிக் கதை. திடீரென்று குடி கிடைக்காமல் போனவர்களுக்குக் கை நடுங்கியது, தூக்கம் போனது. ஒருவர் சுவரில் பாம்பு ஊருகிறது என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நின்றார். பேய் பிடித்துவிட்டது என்று சாம்பிராணி போட்டார்கள். பல வருஷக் குடியை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பும் மூளையும் அப்படித்தான் தடுமாறும், அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய், சில பேருக்கு உயிருக்கே ஆபத்து என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கை கழுவுவது எப்படி என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். அதே மைக்கில் இதையும் இரண்டு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

தம்பி சொல்வது இது: "நான் ஒத்தையில நின்னேன்க்கா. ஊரே கதவச் சாத்திட்டு இருந்துச்சு. பீகாருக்கு உ.பி.க்கு எத்தனை சனம் நடந்தே போச்சு? அண்ணன் நெனச்சிருந்தா வந்திருக்கலாம்."

மதினி சொல்வது இது: "ஒரு நா வச்சிருந்தா எப்பிடியாச்சும் வந்திருப்பாக. தலப்பிள்ள இருக்கையில இளையவன் கொள்ளி வச்சா, இவுக என்ன செத்தா போயிட்டாக?"

அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை.

எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிகிறது. வெக்கையில் ஐஸ் பெட்டி இல்லாமல் பிணத்தை எப்படி ஒரு நாள் வைத்திருப்பது? பயந்துபோன ஊர் நடுவில் ஒற்றை ஆளாக நின்றவன் தம்பி. அண்ணன் மூன்று தடவை பாஸ் போட்டு மூன்று தடவையும் திரும்பியவர். இந்தப் பேச்சுகளை அன்றைக்கே, பதினாறாம் நாள் கருமாதியில் பேசி, சத்தம் போட்டு, அழுது, மாமன்மார் உருமா கட்டிச் சாப்பாடு போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எங்கள் ஊர்களில் எத்தனை சண்டை கருமாதிப் பந்தியில் முடிந்திருக்கிறது! அந்தக் கருமாதியும் நான்கு பேரோடு முடிந்துபோனது.

கேதம் என்பது செத்தவருக்காக நடப்பது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இருக்கிறவர்களுக்காக நடப்பது அது. செய்தி வந்ததும் வேலையைப் போட்டது போட்டபடி வண்டி பிடித்து வருவார்கள். வாசலில் இறங்கும்போதே பெண்கள் குரல் எடுத்துவிடுவார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, பாட்டாகச் சொல்லி அழுவார்கள். அதில் செத்தவர் அருமையும் வரும், தன் வீட்டுக் கஷ்டமும் வரும், மாமியார் கொடுமையும் வரும். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, சம்பந்தக்காரர் வீட்டிலிருந்து சோறு வரும். வர முடியாதவர்கள் மாதம் கழித்தாவது கேதம் கேட்க வருவார்கள். திண்ணையில் உட்கார்ந்து, "எப்பிடிப்பா ஆச்சு?" என்று கேட்பார்கள். சாவு வீட்டுக்காரர் அதே கதையை நூறாவது தடவையாகச் சொல்லுவார். நூறு தடவை சொல்லச் சொல்லத்தான் பாரம் இறங்கும். மனநல மருத்துவம் படித்தவர்கள் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, கரிசல் காட்டில் எங்களுக்கு இருந்த வைத்தியம் இதுதான். அதை மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

நோய் பரவக்கூடாது என்பது எனக்கும் புரியும். அடுத்த வருஷம் இரண்டாம் அலையில் எங்கள் சனத்திலேயே மூச்சு கிடைக்காமல் போனவர்கள் உண்டு. விலகி நிற்கச் சொன்னது தப்பில்லை. 'சமூக இடைவெளி' என்று சொன்னதுதான் தப்பு. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில், உடம்புதான் தள்ளியிருக்க வேண்டும், மனிதர்கள் ஒருவரோடொருவர் உறவோடு இருக்க வேண்டும் என்று சொல்லி வார்த்தையை மாற்றிக்கொண்டது. நம் ஊரில் அந்த வார்த்தையே மைக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்கனவே தெருவுக்குத் தெரு இடைவெளி வைத்து வாழ்கிற நாட்டில், டீக்கடையில் தனி டம்ளர் வைத்த நாட்டில், அந்த வார்த்தையை அரசாங்கமே சொன்னால் சனம் எப்படி எடுத்துக்கொள்ளும்? இருமிய வீட்டை ஒதுக்கிவைத்தார்கள். எங்கள் அம்மா தாலி அறுத்த அன்று அவளைக் கட்டிப்பிடித்து அழ ஒருத்தி வரவில்லை. வெளிக்கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தாளைக் கிழித்த பிறகும் பசை வழிந்த தடம் கதவில் அப்படியே இருக்கிறது.

போனில் கேதம் கேட்கலாமே என்று சொன்னார்கள். அப்போது யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஒரு இருமல் சத்தம் வரும், பிறகு அறிவிப்பு வரும், அதன் பிறகுதான் மணி அடிக்கும். இருமி இருமிச் செத்தவர் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனை எடுத்தால் காதில் முதலில் விழுவது இருமல். அம்மா போனைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் 2021இல் திருப்பூரை விட்டு வந்து அருப்புக்கோட்டையில் வாடகை வீடு பிடித்தார். விசைத்தறிப் பட்டறையில் வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். சோறு பாதியில் நிற்கும். தறி ஓடிக்கொண்டே இருக்கும், இழை அறுந்ததுகூடத் தெரியாமல் நிற்பார். கீறல் விழுந்த அந்தப் பழைய போனை மட்டும் யாரையும் தொடவிடமாட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். கோடாங்கியிடம் போனோம், வேப்பிலை அடித்தோம், தாயத்து கட்டினோம். "ஏர்வாடி தர்காவுல கொண்டு போய் நாப்பது நா வச்சிருங்க" என்றார் ஒரு பெரியவர். எனக்கு உடம்பு பதறிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை, இதே ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் எரிந்து செத்தார்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பஸ் போகிற ஊர் அது. அந்தச் செய்தியை ஐயாதான் எங்களுக்குப் பேப்பரில் வாசித்துக் காட்டினார். தர்காவைக் குறை சொல்லவில்லை. நம்பிக்கையோடு போகிறவர்கள் போகட்டும். மருந்தும் வேண்டும், பூட்டு கூடாது, அவ்வளவுதான்.

பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அங்கே இருக்கிற டாக்டர் நல்லவர், அவருக்குப் பின்னால் நிற்கிற வரிசைதான் நீளம். மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம், ஐந்து நிமிஷம் பார்த்தார். தூக்கம் வருதா, பசி எடுக்குதா, குடிப்பாரா? மாத்திரை எழுதினார். மாத்திரையால் பலன் உண்டு, பொய் சொல்லக்கூடாது. தூங்க ஆரம்பித்தார், தறிக்கு ஒழுங்காகப் போனார். ஆனால் மாத்திரை தீரும்போதெல்லாம் ஒரு நாள் கூலி போகும், அதே வரிசை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 ஆகஸ்டிலிருந்து வீடு தேடி மாத்திரை வருகிறது. நல்ல திட்டம். என் மாமியாருக்கே வருகிறது. அதே பையில் மனசுக்கான மாத்திரையையும் போட்டுக் கொடுத்தால் எத்தனை வீடு பிழைக்கும்? கூச்சமும் போகும். இப்போது மதினி அந்த மாத்திரை அட்டையை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைக்கிறாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாதாம். சர்க்கரை மாத்திரையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறோம், இதை அரிசிக்குள் புதைக்கிறோம்.

கொரோனாவின் முதல் வருஷத்திலேயே உலகம் முழுக்க மனச்சோர்வும் மனப்பதற்றமும் 25 சதவீதம் கூடிவிட்டன என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. அந்தக் கணக்கில் எங்கள் அண்ணன் இருக்க வாய்ப்பில்லை, அம்மாவும் இருக்க மாட்டாள். 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' என்று மனநல ஆலோசனையைத் தமிழ்நாட்டில் ஆரம்பித்தது 2022 அக்டோபரில். ஐயா செத்து இரண்டரை வருஷம் கழித்து. அது வந்ததில் சந்தோஷம். காசில்லை, எந்த நேரத்திலும் பேசலாம். ஆனால் எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு அந்த எண் தெரியும்? ரேஷன் கடைச் சுவரில், மில் வண்டியின் பின்பக்கத்தில், நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க் கரையில் அதை எழுதிப்போட எவ்வளவு பெயிண்ட் ஆகிவிடும்?

பெண்களைப் பற்றி எழுதாமல் விட மனசு வரவில்லை. ஊரடங்கு என்றால் ஆண்கள் வீட்டில் இருந்தார்கள், பெண்களுக்கு வேலை இரண்டு மடங்கு ஆனது. களையெடுக்கப் போகிற காடு, குழாயடி, மில் வண்டி, இவைதான் எங்கள் பெண்கள் வாய்விட்டுப் பேசுகிற இடங்கள். அவை போயின. அடி வாங்கினால் புகார் சொல்ல 2020 ஏப்ரலில் தேசிய மகளிர் ஆணையம் ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்தது. வீட்டில் இருக்கிற ஒரே போன் அடித்தவன் சட்டைப்பையில் இருந்தால் அவள் எதில் செய்தி அனுப்புவாள்? அதே போனில்தான் பிள்ளைகள் பாடமும் படிக்க வேண்டியிருந்தது. ஒன்றிலிருந்து எட்டு வரை படித்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒன்றரை வருஷத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் சண்டையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது சடங்காகியிருக்கிற என் மருமகளும் அதில் ஒருத்தி. பெரியப்பாவும் அப்பாவும் ஏன் பேசுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். எதிலும் சேராமல் மூலையில் உட்கார்ந்து காது கொடுத்தே எல்லாம் தெரிந்துகொண்டாள்.

இனி அரசாங்கத்தைக் கேட்டுப் பிரயோசனமில்லாத இடத்துக்கு வருகிறேன். பாஸ் கேட்ட சட்டம் போய்விட்டது. கம்பும் கயிறும் அவிழ்த்தாகிவிட்டது. வத்தல் மூட்டையும் அந்த வருஷமே வந்த விலைக்குப் போய்விட்டது. இன்னும் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது நாம்தான். அந்த இரண்டு வருஷத்தில் வராத கேதம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அத்தைக்கு வரவில்லை, மாமனுக்கு வரவில்லை, மகன் சாவுக்கு வரவில்லை என்று உறவு அறுந்து கிடக்கிறது. யாரைக் கேட்டாலும் "அவுக வரலல்ல" என்கிறார்கள். வரவிடவில்லை என்று ஒருவருக்கும் சொல்ல வாய் வரவில்லை. கேதம் கேட்பதற்குக் காலக்கெடு இல்லை. வருஷம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியவரும் பெட்டியை வைத்துவிட்டு முதலில் சாவு வீட்டுக்குத்தான் போவார், அவர் போனதும் அந்த வீட்டுப் பெண்கள் புதிதாக அழுவார்கள். அந்த வழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. போங்கள். கையோடு இரண்டு பழம் வாங்கிக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார்ந்து, "எப்பிடி ஆச்சு?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கிறவரை எழுந்துவிடாதீர்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய். நீ ஒற்றையில் நின்றது அண்ணனுக்குத் தெரியாது, யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் மூன்று தடவை பாஸ் போட்டது உனக்குத் தெரியாது, நான்தான் சொல்லாமல் விட்டேன், அது என் தப்பு. பத்திரிகையை ஆள் மூலமாக அனுப்பாதே. நீயே கொண்டுபோய் வை. வைத்துவிட்டு உடனே வராதே, ஐயா போன அன்றைக்கு என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல். அவர் கேட்பார். சடங்குக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.